எங்கள் கத்தோலிக்கப் பங்கின் (கோயில் சமூகத்தின்) வாட்ஸ்அப் குழுவுக்கும் யூடியூப் நேரலைக்கும் விதிமுறை எழுதுகிறோம். திருச்சபைப் போதனைப்படி எதெல்லாம் இருக்க வேண்டும்?

முத்துநகர்_இளையோர்:

இயேசுவுக்கே புகழ். எங்கள் பங்குப் பேரவை ஊடகக் குழுவிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. பங்கின் வாட்ஸ்அப் குழு, யூடியூப் சேனல், ஃபேஸ்புக் பக்கம் மூன்றுக்கும் சேர்த்து, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் விதிமுறை எழுத வேண்டும். ஏறக்குறைய 600 குடும்பங்கள் உள்ள பங்கு. எல்லாருக்கும் ஒரே வாட்ஸ்அப் குழு, யார் வேண்டுமானாலும் பதிவிடலாம். இறப்பு அறிவிப்பு வருவதும் அதில்தான், அரசியல் சண்டை நடப்பதும் அதில்தான், "இந்தச் செபத்தை 12 பேருக்கு அனுப்பாவிட்டால்" வகையறா வருவதும் அதில்தான்.

பேரவையில் எழுந்த கேள்விகள் இவை: நேரலையில் திருப்பலி பார்த்தால் ஞாயிறு கடன் (ஞாயிறு திருப்பலியில் பங்கேற்கும் கடமை) தீருமா? பலிபீடச் சிறார், மறைக்கல்விப் பிள்ளைகள் படங்களைப் போடலாமா? க்யூஆர் மூலம் காணிக்கை, பூசைக் கருத்து (ஒரு வேண்டுதலுக்காகத் திருப்பலி நிறைவேற்றக் கேட்பது) வாங்கலாமா? ஒருவரைப் பற்றித் தவறான செய்தி குழுவில் பரவினால் அட்மின் என்ன செய்ய வேண்டும்? ஏஐ வைத்துப் படம், செபம் தயாரிப்பது சரியா?

"அன்போடு உரையாடுங்கள்" என்று பொதுப்படையாக எழுதினால் யாரும் மதிக்கமாட்டார்கள். எந்த ஏட்டில், எந்தச் சட்ட எண்ணில் இருக்கிறது என்று காட்ட முடிந்தால்தான் பேரவையில் நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

---

சட்டநூல்:

முதலில் ஏடுகள். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட "இன்தெர் மிரிஃபிகா" அடித்தளம். இணையத்துக்கென்றே வந்தவை இரண்டு: "இணையத்தில் நன்னெறி", "திருச்சபையும் இணையமும்". சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை இரண்டையும் 2002 பிப்ரவரி 22 அன்று ஒன்றாக வெளியிட்டது. சமூக ஊடகம் பற்றி 2023 மே 28, பெந்தகோஸ்து நாளில் வந்த "முழுமையான உடனிருப்பை நோக்கி" நல்ல சமாரியர் உவமையை வைத்து எழுதப்பட்டது. நேரம் குறைவென்றால் "திருச்சபையும் இணையமும்" மட்டுமாவது குழுவினர் எல்லாரும் வாசியுங்கள், சிறிய ஏடுதான். வாட்ஸ்அப் பிறப்பதற்கு ஏழு ஆண்டு முன்பே எழுதியது என்றாலும் அடிப்படை மாறவில்லை: மனிதரும் மனித சமூகமும்தான் அளவுகோல், கருவி அவர்களுக்கு நன்மை செய்கிறதா என்பதே கேள்வி.

ஞாயிறு கடன்: தீராது. இணையத்தில் அருளடையாளங்கள் (நற்கருணை, பாவமன்னிப்பு போன்றவை) இல்லை என்று 2002 ஏடு ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. ஆனால் இதைப் பேரவையில் சொல்லும் விதம் முக்கியம். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கும், அவரை விட்டு நகர முடியாத பராமரிப்பாளருக்கும் அந்தக் கடனே கிடையாது. அவர்கள் நேரலை பார்ப்பது கடனைத் தீர்க்க அல்ல, செபத்தில் ஒன்றிக்க. "டிவியில் பார்த்தால் செல்லாது" என்று மொட்டையாக அறிவித்தால், செய்யாத பாவத்துக்குப் பாட்டி வருந்திக்கொண்டிருப்பார். "நேரலை நோயாளிகளுக்கும் வெளியே வர இயலாதவர்களுக்கும் செபத் துணை. அவர்கள் விரும்பினால் நற்கருணை வீட்டுக்குக் கொண்டுவரப்படும், பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்" என்று எழுதுங்கள். இந்த இரண்டாம் வாக்கியத்தை நிறைவேற்ற ஆள் இல்லையென்றால் நேரலையைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிறகு, பங்கின் பெயர். பங்கு இளைஞர் ஒருவர் தன் சொந்தச் சேனலுக்குக் கோயில் பெயரையும் "கத்தோலிக்க" என்ற சொல்லையும் வைத்து, பங்குத்தந்தைக்கே தெரியாமல் நடத்துவது எல்லா ஊரிலும் நடக்கிறது. திருச்சபை அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் எந்த முயற்சிக்கும் "கத்தோலிக்க" என்ற பெயரைச் சூட்டக்கூடாது (திருச்சபைச் சட்டத்தொகுப்பு, சட்டம் 216). அதிகாரப்பூர்வக் கணக்குகள் எவை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சேனல் உரிமை பங்கின் மின்னஞ்சலில் இருக்கட்டும். கடவுச்சொல் ஒரே ஒரு பையனிடம் இருந்து, அவன் வேலைக்கு வெளிநாடு போனால் கணக்கும் போய்விடும். யூடியூப்பில் கடவுச்சொல்லைப் பகிராமலே மேலாளர், பதிப்பாசிரியர் என்று பொறுப்புப் பிரித்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது.

சேனலுக்குப் பாதுகாவலர் வைக்க நினைத்தால் ஒரு தகவல்: புனித இசிதோரை இணையத்தின் பாதுகாவலர் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அப்படி ஓர் அதிகாரப்பூர்வ அறிவிப்பு கிடையாது. நற்கருணைப் புதுமைகளை இணையத்தில் தொகுத்த கார்லோ அகுதிஸ் 2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் பட்டம் பெற்றவர். பிள்ளைகளிடம் பேச அவரே பொருத்தம்.

---

ஒலிமேசை:

நேரலைன்னா எல்லாரும் கேமராவைப் பத்தித்தான் பேசுறாங்க. ஒழுக்கம் கெடுற இடம் மைக். கேட்டுக்குங்க.

திருப்பலிக்கு முன்னாடி ஃபாதர் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்பார். காலர் மைக்கை மாட்டிட்டே போய் உட்காருவார். ஸ்பீக்கர்ல வரலையேன்னு எல்லாரும் சும்மா இருப்பாங்க, ஏன்னா மிக்ஸர்ல அந்த மைக்கோட ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளி) கீழே இருக்கு. ஆனா நேரலைக்கு ஆக்ஸ் வழியா தனி அவுட் எடுத்திருப்பாங்க. அந்த ஆக்ஸ் "ப்ரீ-ஃபேடர்"ல இருந்தா, ஃபேடரை இறக்கினாலும் சத்தம் நேரலைக்குப் போய்க்கிட்டேதான் இருக்கும். கோயில்ல கேட்காது, துபாய்ல கேட்கும். அதனால மூணு இடத்துல பூட்டு போடணும்: பெல்ட் பேக்ல ஃபாதரே மைக்கை ஆஃப் பண்ணணும், மிக்ஸர்ல அந்தச் சேனலோட மியூட் பட்டனை அழுத்தணும் (ஃபேடர் போதாது; சில மிக்ஸர்ல மியூட் போட்டாலும் ஆக்ஸ் ஓடும், ஒரு தடவை ஹெட்போன் வச்சுச் சோதிச்சுக்கோங்க), நேரலையைத் திருப்பலி தொடங்க ரெண்டு நிமிஷம் முன்னாடி மட்டும் ஆன் பண்ணணும். அரை மணி நேரம் முன்னாடியே "விரைவில் தொடங்கும்"னு படம் போட்டு ஓட விடுறது ஆபத்து. படம் நிற்கும், ஒலி ஓடும்.

அதே மாதிரி சிசிடிவி. இப்போ வர்ற ஐபி கேமராவுல மைக் உள்ளேயே இருக்கு, வாங்கி மாட்டுறப்பவே பல கேமராவுல ஒலிப்பதிவு ஆன்ல இருக்கும். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்துத் தூண்ல ஒண்ணு இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. ரெக்கார்டர் மெனுவுல ஒவ்வொரு சேனலுக்கும் ஆடியோவை எடுத்துவிடுங்க. எடுத்த பிறகு ஒரு நிமிஷப் பதிவை ஹெட்போன்ல கேட்டு உறுதி பண்ணுங்க. தொட்டி முகப்பு, வரிசையில நிக்கிறவங்க முகம் எதுவும் கேமராவுல விழக்கூடாது. உண்டியலைக் காக்க வச்ச கேமரா உண்டியலை மட்டும் பார்க்கட்டும்.

நற்கருணை வாங்குற நேரம் கேமராவைப் பலிபீடத்துப் பக்கம் திருப்பிடுங்க. நாக்கை நீட்டி நிக்கிறவங்களை க்ளோசப்ல காட்டுறது மரியாதை இல்ல. அதைவிட முக்கியம், யார் வாங்கினாங்க, யார் வாங்காம உட்கார்ந்திருந்தாங்கன்னு ஊருக்கே தெரியுறது. அது அவங்க மனச்சாட்சி விஷயம்.

லைவ் சாட்டை ஆஃப் பண்ணுங்க. நேரலை அமைப்புல "திருத்து" உள்ளே போனா அந்த டிக்கை எடுக்கலாம். ஒரே ஆள் கேமராவையும் சாட்டையும் பார்க்க முடியாது. விளம்பரம் ஒரு தலைவலி: சேனலுக்கு வருமானம் ஆன் பண்ணாட்டியும் யூடியூப் தானா விளம்பரம் போடலாம். முழுசா தடுக்க வழி இல்ல. ஆனா வருமானத்தை நாமளே ஆன் பண்ணி, எழுந்தேற்ற (அப்பத்தை உயர்த்திக் காட்டுற) நேரத்துல பல்பொடி விளம்பரம் ஓட விடுறது வேற.

தரம்: 720பி போதும். அதுக்கு 4 எம்பிபிஎஸ் வரை அப்லோடு கேட்கும், கையில அதுக்கு ரெட்டிப்பு இருந்தா விக்காது. போன்ல நேரலை போட சேனலுக்குக் குறைஞ்சது 50 சந்தாதாரர் வேணும். 2025 ஜூலைலேர்ந்து 16 வயசுக்குக் குறைஞ்சவங்க தனியா நேரலை நடத்த முடியாது, அதனால பத்தாம் வகுப்புப் பையன் கணக்குல ஓட்டாதீங்க.

---

சட்டநூல்:

ஒலிமேசை சொன்ன மைக் விஷயத்துக்குச் சட்ட எண் தருகிறேன், விதிமுறையில் முதல் வரியாகவே போடலாம். பாவசங்கீர்த்தனத்தில் குருவோ ஒப்புரவு பெறுபவரோ பேசியதை எந்தக் கருவியாலும் பதிவு செய்பவருக்கும், அதை ஊடகத்தில் பரப்புபவருக்கும் தண்டனை உண்டு: சட்டம் 1386, பத்தி 3. 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்திய ஆறாம் புத்தகத்தில் இருக்கிறது. பழைய நூல் வைத்திருப்பவர்கள் 1388 என்று தேடுவார்கள். தெரியாமல் பதிவாவதும் வேண்டுமென்றே பதிவதும் ஒன்றல்ல. ஆனால் தெரியாமல் பதிவானதைத் தெரிந்த பிறகும் அழிக்காமல் வைத்திருந்தால் அந்தச் சாக்கு போய்விடும். உடனே அழிக்க வேண்டும், முழுதாகக் கேட்டுப் பார்க்கக்கூடாது.

தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ பாவசங்கீர்த்தனம் கிடையாது. ஆன்மீக ஆலோசனை பேசலாம், பாவமன்னிப்பு அளிக்க முடியாது. மனச்சாட்சி சோதனைக்கு உதவும் செயலிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் பாவங்களை போனில் தட்டச்சு செய்து வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குறிப்புச் செயலிகள் பெரும்பாலும் மேகச் சேமிப்புக்குப் பிரதி எடுக்கும், அதே கணக்கு வீட்டு டேப்லெட்டிலும் திறந்திருக்கும். துண்டுச் சீட்டில் எழுதிக் கிழித்துப் போடுவது மேல்.

---

மறைக்கல்வி_டீச்சர்:

பிள்ளைகள் விஷயத்துக்கு நான் சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். மறைக்கல்விச் சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு கட்டம் வையுங்கள். ஆனால் "படம் எடுக்கச் சம்மதம்" என்று ஒரே வரி போதாது. அறிவிப்புப் பலகைக்கு, பங்கு வாட்ஸ்அப்புக்கு, பொது ஃபேஸ்புக், யூடியூப்புக்கு என்று மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். முதலாவதற்குச் சரி என்ற தாய் மூன்றாவதற்கு வேண்டாம் என்பார். வேண்டாம் என்றவர் பிள்ளையைப் படமெடுக்கும்போது "நீ மட்டும் ஒதுங்கு" என்று எல்லார் முன்னாலும் நிறுத்தாதீர்கள். பின்வரிசையில் நிற்க வைத்து, அகலமாக, முகம் தெரியாத தூரத்திலிருந்து எடுங்கள்.

படத்தோடு முழுப்பெயர், வகுப்பு, பள்ளி, அன்பியம் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழு) என்று மூன்று நான்கு தகவல் சேர்ந்து போகக்கூடாது. முதல் நற்கருணைப் பட்டியல் இதற்கு மோசமான உதாரணம்: பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், தெரு எல்லாம் ஒரே தாளில். அதைப் புகைப்படமெடுத்துக் குழுவில் போடுகிறார்கள்.

அருள்சகோதரிகள் நடத்தும் இல்லத்துப் பிள்ளைகளின் படங்களுக்கு ஒப்புதல் வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயரோ படமோ பள்ளியோ ஊடகத்தில் வரக்கூடாது என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிறிஸ்துமஸ் கேக் கொடுக்கும் படமும் இதில் அடங்கும்.

பெரியவர்களுக்கும் இதே கூச்சம் இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபை அரிசிப் பை கொடுத்தால் பையைப் படமெடுங்கள், வாங்கும் அம்மாவின் முகத்தை எடுக்காதீர்கள். மத்தேயு 6:3 எல்லாருக்கும் மனப்பாடம்தானே.

ஆசிரியர்–மாணவர் தொடர்பு: பிள்ளையின் எண்ணுக்கு ஆசிரியர் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது. வகுப்புக் குழுவில் பெற்றோர் எண்கள் மட்டும், ஆசிரியர்கள் குறைந்தது இருவர், மறையும் செய்தி வசதி அணைத்திருக்க வேண்டும், இரவு எட்டுக்குப் பிறகு பதிவு கூடாது. பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு குழந்தை செய்தி அனுப்பினால் அதைத் திரைப்பிடிப்பு எடுத்து மற்ற ஆசிரியர்களுக்கு அனுப்பி ஆலோசிக்கக்கூடாது. போக்சோ சட்டம், பிரிவு 19-இன்படி காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பங்குத்தந்தையிடம் சொல்வது அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, அதற்கு மாற்று அல்ல.

---

முத்துநகர்_இளையோர்:

மிக்க நன்றி. டீச்சர், மூன்று கட்டங்கள் கொண்ட படிவம் நல்ல யோசனை. மிக்ஸரில் ஆக்ஸ் ப்ரீ-ஃபேடரில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன் அண்ணா.

பேரவையில் அதிக நேரம் ஓடியது அவதூறு பற்றித்தான். அட்மின் பதிவை நீக்கினால் "உண்மையை மறைக்கிறீர்கள்" என்கிறார்கள். நீக்காவிட்டால் பெயர் கெட்டவர் வீட்டில் அழுகிறார்கள். "பணத்தில் கை வைத்தார்" என்பது போன்ற பதிவு உண்மையாகவே இருந்தால் என்ன செய்வது? பொய் என்று பிறகு தெரிந்தால் என்ன செய்வது?

---

சட்டநூல்:

இதுதான் முழு விதிமுறையின் மையம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 2477, மூன்று பாவங்களைப் பிரிக்கிறது. போதிய ஆதாரமின்றி ஒருவர் தவறு செய்தார் என்று மனதுக்குள்ளேயே முடிவுகட்டுவது ஒன்று. உண்மையிலேயே இருக்கும் குறையை, தக்க காரணமின்றி, அது தெரியாதவர்களிடம் சொல்வது இரண்டு. இல்லாததைச் சொல்லிப் பெயரைக் கெடுப்பது மூன்று. வாட்ஸ்அப்பில் பெரும்பாலோர் மூன்றாவது மட்டுமே பாவம் என்று நம்புகிறார்கள். "உண்மையைத்தானே போட்டேன்" என்பது இரண்டாவதுக்குப் பதிலாகாது. நற்பெயருக்கும் தனிமைக்கும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்பது திருச்சபைச் சட்டம் 220.

அப்படியானால் கணக்கு முறைகேட்டை மூடி மறைப்பதா? இல்லை. "தக்க காரணம்" என்ற சொல் அங்கே சும்மா இல்லை. காணிக்கைக் கணக்கைக் கேட்கும் உரிமை இறைமக்களுக்கு இருக்கிறது (சட்டம் 1287, பத்தி 2). பங்கு நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் (சட்டம் 537). ஆகவே முறைகேடு தெரிந்தவர் ஆதாரத்தோடு நிதிக்குழுவிடம், பதில் இல்லையென்றால் ஆயரிடம் எழுத்தில் கொடுக்கட்டும். குற்றமாக இருந்தால் காவல்துறை. மத்தேயு 18:15–17 வரிசையும் இதுதான்: தனியாக, பிறகு ஓரிருவரோடு, பிறகு திருச்சபையிடம். பொதுக்குழுவில் போடுவது இந்த வரிசையில் எங்கும் வரவில்லை. அதே சமயம், நற்பெயர் என்ற வாதத்தைக் காட்டிப் புகார் கொடுத்தவரை அடக்குவதும் அநீதி. அட்மின் பதிவை நீக்கும்போது "எங்கே, யாரிடம் புகார் கொடுக்கலாம்" என்ற விவரத்தை அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். "உண்மையை மறைக்கிறீர்கள்" என்ற சத்தம் பாதி அடங்கும்.

இனி ஈடுசெய்தல். நீதிக்கும் உண்மைக்கும் எதிரான குற்றத்துக்குப் பாவமன்னிப்பு கிடைத்த பிறகும் ஈடுசெய்யும் கடமை நிற்கிறது (எண் 2487). பத்து ரூபாய் திருடியவர் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெயரைத் திருடியவர்? செய்தி எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் திருத்தமும் போக வேண்டும். எல்லாரும் பார்க்கும் குழுவில் பொய்யைப் போட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் தனிச் செய்தியில் "சாரி" சொல்வது ஈடாகாது.

பொய் என்றால் நடைமுறை இப்படி. பதிவிட்டவர் சுமார் இரண்டு நாளுக்குள் என்றால் "அனைவருக்கும் நீக்கு" கொடுக்கலாம். அதற்குப் பிறகும் குழு அட்மினால் நீக்க முடியும். ஆனால் நீக்கம் நம் குழுவில் மட்டும்தான், வேறு குழுவுக்குத் தள்ளிவிடப்பட்ட பிரதிகள் அப்படியே இருக்கும். ஆகவே நீக்கியதோடு நிற்காமல் அதே குழுவில், அதே வடிவில் திருத்தம். ஒலிச்செய்தியாகப் போனதென்றால் அதே ஆள் ஒலிச்செய்தியாகவே திருத்த வேண்டும், ஏனென்றால் எழுத்தைப் படிக்காத பெரியவர்கள் ஒலியைக் கேட்டிருப்பார்கள். திருத்தத்தில் பொய்யைத் திரும்பச் சொல்லக்கூடாது. இப்படி எழுதலாம்: "நேற்று மாலை இக்குழுவில் பங்கு உறுப்பினர் ஒருவரைப் பற்றி நான் இட்ட பதிவு தவறானது. அதைத் திரும்பப் பெறுகிறேன். வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள் இதையும் அங்கேயே அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்." மூலப் பதிவில் பெயர் இருந்தால் திருத்தத்திலும் பெயர் வேண்டுமா என்பதைப் பாதிக்கப்பட்டவர் முடிவு செய்யட்டும். சிலர் பெயரோடு கேட்பார்கள், சிலர் மறுபடி பெயர் அடிபடவே வேண்டாம் என்பார்கள்.

உண்மைக் குறையைத் தேவையின்றி வெளியிட்டிருந்தால் இது இன்னும் சிக்கல். "அது பொய்" என்று எழுத முடியாது, அதுவே பொய்யாகிவிடும். அங்கே செய்யக்கூடியது: நீக்குவது, மேலும் பரப்ப வேண்டாம் என்று கேட்பது, "அதை நான் பொதுவில் எழுதியிருக்கக்கூடாது" என்று ஒப்புக்கொள்வது, அவர் செய்த நல்லதைச் சொல்லும் வாய்ப்பு வரும்போது சொல்வது. பிற்பாடு திருத்த இதுவே கடினமானது என்பதால் முன்கூட்டியே தடுப்பதுதான் வழி.

வெறுமனே "தள்ளிவிட்டவர்" பொறுப்பும் உண்டு. "ஃபார்வர்டுதான், எனக்குத் தெரியாது" என்பது மேலே சொன்ன மூன்றில் முதலாவதன் இலக்கணம். வாட்ஸ்அப்பே இரட்டை அம்புக்குறி போட்டு "பலமுறை தள்ளிவிடப்பட்டது" என்று காட்டுகிறது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மேல் அனுப்பவும் விடுவதில்லை. இரட்டை அம்புக்குறி உள்ள எதுவும் பங்குக் குழுவில் கூடாது என்று ஒரு வரி போட்டால் பாதிக் குப்பை குறையும். அந்த "12 பேருக்கு அனுப்பாவிட்டால்" செபங்கள் மூடநம்பிக்கை, எண் 2111 பாருங்கள். செபத்தின் பலனை வெறும் வெளிச்செயலில் வைப்பதை அது கண்டிக்கிறது. எத்தனை பேருக்கு அனுப்பினோம் என்ற கணக்கும் அப்படித்தான்.

---

கணக்கர்_மலைக்கோட்டை:

பணம் பற்றிச் சுருக்கமாக.

க்யூஆர் பங்கின் வங்கிக் கணக்கோடு இணைந்த வணிகர் க்யூஆராக இருக்க வேண்டும். பங்குத்தந்தையின் சொந்த எண் கூடவே கூடாது. அவர் மாற்றலாகிப் போனாலும் பணம் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். பணம் செலுத்தும் முன் திரையில் வரவேண்டிய பெயரை அறிவிப்புப் பலகையில் அச்சிடுங்கள். உண்டியல் மேல் ஒட்டிய ஸ்டிக்கரின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டும் மோசடி உண்டு, வாரம் ஒருமுறை ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிக்கவும்.

நோக்கம் சொல்லிக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் (சட்டம் 1267, பத்தி 3). கெபி (மாதா குகை) கட்ட வந்த பணத்தில் ஒலிபெருக்கி வாங்கக்கூடாது. யுபிஐயில் குறிப்பு எழுதும் இடம் சிறியது, பலர் எழுதவே மாட்டார்கள். நோக்கத்துக்கு ஒரு க்யூஆர் என்று பிரிப்பதே எளிது.

பூசைக் கருத்துக்கு இணையப் படிவம் வைத்தால் ஒரு பொறி இருக்கிறது. படிவம் களைக்காமல் வாங்கிக்கொண்டே இருக்கும். தனித்தனியாகக் கொடுத்த ஒவ்வொரு காணிக்கைக்கும் தனித் திருப்பலி நிறைவேற்ற வேண்டும் (சட்டம் 948). ஓர் ஆண்டுக்குள் தானே நிறைவேற்ற முடியாத எண்ணிக்கையை ஒரு குரு வாங்கக்கூடாது (953). பல கருத்துகளைச் சேர்த்து ஒரே திருப்பலி என்பதற்கு 2025ஆம் ஆண்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது: மறைமாநில ஆயர்கள் அனுமதித்திருக்க வேண்டும், கொடுப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்து அவர்களே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே ஒரு தேதிக்கு இத்தனைதான் என்று படிவத்திலேயே பூட்டுங்கள், "கூட்டுக் கருத்து" என்ற சொல்லையும் தெளிவாகக் காட்டுங்கள்.

வெளிநாடு: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊர்க்காரர் பிரிட்டன், கனடா குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ (வெளிநாட்டுவாழ் இந்தியர்) அட்டை இருந்தாலும், ஆகும். அதை வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவும், புதுதில்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். யூடியூப் நேரலைக்குக் கீழே க்யூஆர் போட்டால் யார் அனுப்பினார்கள் என்று பிரிக்க முடியாது. என் கருத்து: நேரலையில் க்யூஆர் வேண்டாம், கோயில் வளாகத்தில் மட்டும். வேண்டுமென்றால் மறைமாவட்ட நிதிப் பொறுப்பாளரான புரொக்குரேட்டர் ஃபாதரிடம் எழுத்தில் கேட்ட பிறகு.

சேனலில் இளைஞர் குழு தானாகவே நிதி திரட்டுவதற்கும் முன் அனுமதி வேண்டும் (சட்டம் 1265). ஆயர், பங்குத்தந்தை படம் வைத்து "அவசரம், பணம் அனுப்பவும்" என்று வரும் புதிய எண்கள் எல்லாம் மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 (இணைய மோசடிப் புகார் எண்).

---

மறைக்கல்வி_டீச்சர்:

ஒலிமேசை தம்பி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். நேரலை முடிந்த பிறகு காணொளி அப்படியே சேனலில் கிடக்கிறதே? திருமணம், அடக்கத் திருப்பலி எல்லாம் வருடக்கணக்கில் இருக்கின்றன. அடக்கத்தில் கதறி அழுகிறவர்களைச் சிலர் வெட்டி ரீல்ஸ் போடுகிறார்கள்.

---

ஒலிமேசை:

சரிதான் டீச்சர். 2020 மார்ச்ல பெருந்தொற்று நேரத்துல திருவழிபாட்டுப் பேராயம் கொடுத்த ஆணையிலேயே, ஒளிபரப்பு நேரலையா இருக்கணும், பதிவு பண்ணினதா இருக்கக்கூடாதுன்னு இருந்துச்சு. அது அந்தப் பாஸ்காக் காலத்துக்கான ஆணை, ஆனா யோசனை நல்லது. நான் சொல்றது: ஞாயிறு திருப்பலியை 24 மணி நேரம் கழிச்சு "தனிப்பட்டது"ன்னு மாத்திடுங்க, மறையுரையை மட்டும் வெட்டித் தனியா வைங்க. அடக்கத் திருப்பலியைப் பட்டியலிடாத இணைப்பா, வீட்டார் கேட்டா மட்டும். கேமரா சவப்பெட்டியையும் பலிபீடத்தையும் விட்டு நகரக்கூடாது.

---

கணக்கர்_மலைக்கோட்டை:

24 மணி நேரம் குறைவு. டயாலிசிஸ், கீமோ என்று ஞாயிறு முழுதும் மருத்துவமனையில் இருப்பவர் செவ்வாய்க்கிழமைதான் பார்ப்பார். ஒரு வாரம் விடலாம், அடுத்த ஞாயிறு வந்ததும் பழையதை மூடலாம். அடக்கம் பற்றிச் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை.

---

சட்டநூல்:

ஏஐ கேள்வி மிச்சம் இருக்கிறது. 2025 ஜனவரி 28 அன்று வந்த "அந்திக்குவா எத் நோவா" ஏடு, பொறுப்பு எப்போதும் மனிதருடையதே, கருவியுடையது அல்ல என்கிறது. நடைமுறையில் மூன்று இடத்தில் கவனம். புனிதர்கள் சொன்னதாக ஏஐ தரும் மேற்கோள்களில் அவர்கள் சொல்லாதவை ஏராளம். நூலும் பக்கமும் காட்ட முடியாத மேற்கோளைப் பங்குப் பக்கத்தில் போடாதீர்கள். விவிலிய வசனத்தைத் "திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு" நூலில் திறந்து ஒப்பிடுங்கள், எண் சரியாக இருந்து வாசகம் மாறியிருக்கும். ஏஐ உருவாக்கிய படம் என்றால் ஓரத்தில் அப்படியே எழுதுங்கள், குறிப்பாக காட்சி, புதுமை போலத் தோன்றும் படங்களுக்கு. மூன்றாவது, திருத்தந்தை 14ஆம் லியோ பேசுவது போன்ற போலிக் காணொளிகள் சுற்றுகின்றன. திருத்தந்தை சொன்னதாக வரும் எதையும் வத்திக்கான் செய்திகளின் தமிழ்ப் பக்கத்திலோ வத்திக்கான் இணையதளத்திலோ தேடிக் கிடைத்தால் மட்டும் பகிருங்கள். குணம் வேண்டி ஏஐயிடம் நோயாளியின் பெயர், நோய், மருத்துவமனை எல்லாம் தட்டிச் செபம் எழுதச் சொல்வதும் வேண்டாம். செப விண்ணப்பத்தைக் குழுவில் போடும்போதும் இதே விதி: "மருத்துவமனையில் இருக்கும் ஒரு சகோதரிக்காக" என்றால் கடவுளுக்குப் புரியும்.

---

முத்துநகர்_இளையோர்:

வரைவு தொடங்கிவிட்டேன். கடைசியாக ஒன்று: ஒரே குழுவை எப்படிப் பிரிப்பது? அட்மின் மட்டும் பதிவிடும் குழுவாக மாற்றினால் போதுமா?

---

ஒலிமேசை:

போதாது. சாதாரணக் குழுவுல எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும், அதுலேர்ந்துதான் இளம்பெண்களுக்குத் தெரியாத எண்லேர்ந்து மெசேஜ் போகுது. "கம்யூனிட்டி" உருவாக்கி அறிவிப்புப் பகுதியில எல்லாரையும் சேருங்க. அங்கே உறுப்பினர்கள் எண் மத்தவங்களுக்குத் தெரியாது, அட்மினுக்கு மட்டும் தெரியும். அதுக்குக் கீழே அன்பியத்துக்கு ஒரு சின்னக் குழு, அங்கே பேசிக்கட்டும், ஆனா அங்கே எண் தெரியும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. அட்மின் மூணு பேர்: பங்குத்தந்தை, பேரவைச் செயலர், இன்னொருத்தர் பெண்ணா இருக்கட்டும். இறப்பு அறிவிப்பை வீட்டார் உறுதி சொன்ன பிறகுதான் போடணும், மருத்துவமனை வாசல்லேர்ந்து வர்ற செய்தியை வச்சுப் போடக்கூடாது. பழைய குழுவை உடனே கலைக்காதீங்க. அட்மின் மட்டும் பதிவிடலாம்னு பூட்டி, புது இணைப்பை மேலே குத்தி வச்சு, ஒரு மாசம் விட்டு மூடுங்க.